கம்பியாரின் போல்ட்

பஸ் டிப்போவில் அப்பாவுக்குக் கம்பியார் என்று பெயர். ஓய்வு பெற்ற அன்று கூட்டாளிகள் சேர்ந்து கொடுத்த சுவர்க் கடிகாரத்தில்கூட 'கம்பியாருக்கு' என்றுதான் எழுதியிருந்தது. பெயர் வந்த கதை சின்னது. மற்ற மெக்கானிக்குகள் ஒரு போல்ட்டை முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். அப்பா போக மாட்டார். போல்ட்டின் தலையில் டிரில் வைத்துக் குறுக்காக ஓர் ஓட்டை போடுவார். மெல்லிய கம்பியை அதில் நுழைத்து, இரு முனைகளையும் ஒன்றோடொன்று முறுக்கி, பக்கத்துப் போல்ட்டின் ஓட்டையோடு இழுத்துக் கட்டுவார். அதற்குப் பிறகு அந்த வண்டி குண்டும் குழியுமான சாலையில் பத்து வருஷம் குதித்தாலும் போல்ட் அசையாது. பஸ்ஸுக்கு இதெல்லாம் தேவையே இல்லை என்று போர்மன் சொல்லிப் பார்த்தார், திட்டிப் பார்த்தார், கடைசியில் விட்டுவிட்டார்.

"கம்பியாரே, இது பஸ்ஸா, நிலாவுக்குப் போற ராக்கெட்டா?" என்று கேட்பார்கள்.

"நீ ஏறிப் போற பஸ்தான். இறங்கி வீட்டுக்குப் போகணும்ல," என்பார்.

வீட்டிலும் அதே கதை. அடுப்பின் திருகு, வாளியின் கைப்பிடி, ஜன்னல் கொக்கி எல்லாவற்றிலும் முறுக்குக் கம்பி. மகள் நான்காம் வகுப்புப் படிக்கும்போது அவளுடைய சாப்பாட்டு டப்பாவின் கொக்கி தளர்ந்திருக்கிறது என்று அதையும் முறுக்கிக் கட்டி அனுப்பிவிட்டார். மதியம் யாராலும் திறக்க முடியவில்லை. டீச்சர் பல்லால்கூடக் கடித்துப் பார்த்தார். பியூன் எங்கெங்கோ அலைந்து பிளையர் கொண்டுவருவதற்குள் மணி அடித்துவிட்டது. அன்றிலிருந்து பள்ளிப் படிப்பு முடியும்வரை அவள் பெயர் கம்பி டப்பா.

அப்பா கோபக்காரர். ஆனால் அவருடைய கோபம் எல்லாவற்றுக்கும் வராது. தன்னைவிட இளையவர்கள் போர்மன் ஆனபோது வரவில்லை. கழலப் போகிற எதையாவது கண்டால் வரும். மாடி வீட்டுத் தையல்காரரின் சைக்கிளில் முன்சக்கர நட் தளர்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, அவர் கல்யாண வீட்டுக்குத் துணி கொடுக்கக் கிளம்பிய அவசரத்தில் ஹாண்டிலைப் பிடித்து நிறுத்தினார். விடவே இல்லை. தெருவே கூடிவிட்டது. தையல்காரர் வாயில் வந்ததையெல்லாம் பேசினார். அப்பா பதிலுக்குப் பேசியபடியே குனிந்து நட்டை முடுக்கி, கம்பி போட்டுக் கட்டிவிட்டுத்தான் நிமிர்ந்தார். அவள் அன்று அவமானம் தாங்காமல் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். இப்படி ஒருவர் ஏன் தனக்கு அப்பாவாக வாய்த்தார் என்று யோசித்தது நன்றாக நினைவிருக்கிறது.

இப்போது அவளுக்கு வயது இருபத்துநான்கு. அந்த வீட்டின் முதல் பட்டதாரி. இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றின் மூன்றாவது மாடியில், விபத்து அறிக்கைகளைப் படித்துப் படிவம் நிரப்பும் வேலை. படிவத்தில் 'விபத்துக்கான காரணம்' என்று ஒரு பகுதி உண்டு. அதில் ஏழு கட்டங்கள். ஐந்தாவது கட்டம், மனிதத் தவறு. சேர்ந்த முதல் வாரத்திலேயே மேலாளர் சொல்லிக் கொடுத்துவிட்டார்: "சந்தேகமா இருந்தா அஞ்சுல டிக் போட்டுடும்மா. மனுஷன்னா தப்பு பண்ணத்தான செய்வான். யாரும் வந்து கேக்க மாட்டாங்க." அவளும் போட்டுக்கொண்டிருந்தாள். இதற்காகவா படித்தோம் என்று சில நாள் தோன்றும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தோன்றாது.

அந்த அலுவலகத்தில்தான் இரண்டு இலவசச் சீட்டுகள் கொடுத்தார்கள். பழைய விமானங்களும் பந்தயக் கார்களும் வைத்திருக்கும் அருங்காட்சியகம், ஊருக்கு வெளியே புதிதாகத் திறந்திருக்கிறார்கள் என்று.

"உங்கப்பாவக் கூட்டிட்டுப் போ," என்றாள் அம்மா. "ரிட்டயர் ஆனதிலேர்ந்து வீட்ல இருக்கற கதவையெல்லாம் கழட்டிக் கழட்டி மாட்டறார். நேத்து பாத்ரூம்ல நான் உள்ள இருக்கேன், வெளிய கீலக் கழட்டறார்."

"செத்த வண்டியப் பாக்கறதுக்கு டிக்கெட் வேறயா?" என்றார் அப்பா. சொல்லிக்கொண்டே சீட்டோடு வந்த துண்டுப் பிரசுரத்தைக் கையில் வாங்கினார். கண்ணுக்கு அருகில் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். வலது கண்ணில் புரை; அடுத்த மாதம் ஆபரேஷன். இடது கண்ணும் சுமார்தான். பிரசுரத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை போலாம்" என்றார். அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வாசலில் காவலாளி பைகளைச் சோதித்தார். அப்பாவின் கால்சட்டைப் பையிலிருந்து உள்ளங்கை அளவு பிளையர் ஒன்று வந்தது.

"இதெல்லாம் உள்ள கொண்டு போகக் கூடாது, பெரியவரே."

"என்ன பண்ணிடுவேன், ப்ளேனக் கழட்டித் தூக்கிட்டுப் போயிடுவேனா?"

"ரூல் சார். போகும்போது வாங்கிக்குங்க." காவலாளி பிளையரைத் தட்டில் வைத்துவிட்டு எண் போட்ட பித்தளை வில்லை ஒன்றைக் கொடுத்தார். சட்டைப் பையில் சுருட்டி வைத்திருந்த கம்பியை அவர் கண்டுகொள்ளவில்லை. கம்பியை யார் ஆயுதமாக நினைப்பார்கள்?

பழைய தொழிற்சாலைக் கொட்டகை ஒன்றைத்தான் அருங்காட்சியகமாக மாற்றியிருந்தார்கள். முதல் கூடத்தில் விமானங்கள். துணியால் இறக்கை போர்த்திய ஒரு தபால் விமானம், மூக்கு நீண்ட ஒரு போர் விமானம், கூரையிலிருந்து தொங்கவிட்ட ஒரு சின்னப் பயிற்சி விமானம். தரை கண்ணாடியாக மின்னியது.

"ஒரு சொட்டு எண்ணெய் கீழ இல்ல," என்றார் அப்பா. "குளிப்பாட்டி, பவுடர் போட்டு உக்கார வச்சிருக்கான்."

தபால் விமானத்தின் இன்ஜின் மூடியைத் திறந்து வைத்திருந்தார்கள். அப்பா கயிற்றுத் தடுப்பின் மேல் முடிந்த மட்டும் சாய்ந்து, இடது கண்ணால் பார்த்தார். பிறகு அவளைக் கைகாட்டி அழைத்தார்.

"அந்த ரெண்டு போல்ட்டுக்கு நடுவுல கம்பி போகுதே, எத்தன முறுக்குன்னு எண்ணு."

எண்ணினாள். "பதினொண்ணு."

"ஒரே சீரா இருக்கா?"

"இருக்குப்பா."

"எந்தப் பக்கம் இழுத்துக் கட்டியிருக்கான் பாரு. போல்ட் கழலணும்னு திரும்பினா, கம்பி அத இறுகற பக்கமா இழுக்கும். மாத்திக் கட்டினா கட்டாததுக்குச் சமம்." மறுபடி ஒருமுறை கம்பியைப் பார்த்துவிட்டு, "நல்ல கை," என்றார்.

இன்னொருவர் வேலையை அப்பா புகழ்ந்து அவள் கேட்டதே இல்லை. "ப்ளேன்ல வேல பாத்திருக்கீங்களாப்பா?"

"இல்ல. ரேஸ் கார் ஷெட்ல இருந்தேன். டிப்போவுக்கு முன்னாடி."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. டிவியில் பந்தயம் வந்தால் எழுந்துபோய் அணைத்துவிடும் மனிதர் இவர். "இத்தன வருஷமா சொல்லவே இல்லையே. ஏன் விட்டீங்க?"

அப்பா அடுத்த கூடத்துக்கு நடந்தார்.

அங்கே ஒன்பது பந்தயக் கார்கள், தாழ்வான மேடைகளில். அப்பா எட்டு கார்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசியில், மூலையில் நின்ற நீல நிறக் காரின் முன் போய் நின்றார். பிரசுரத்தில் இருந்த கார். உடம்பு முழுவதும் புதிதாக வண்ணம் பூசியிருந்தார்கள். இடது முன்பக்கத்தை மட்டும் நசுங்கியது நசுங்கியபடியே விட்டிருந்தார்கள். அருகில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் ஒரு ஹெல்மெட், ஒரு ஜோடி கையுறை, வெல்வெட் துணியின் மேல் விரல் நீளத்துக்கு ஒரு போல்ட். பெட்டிக்கு மேலே விளக்கப் பலகை.

"படி," என்றார் அப்பா.

அவள் அலுவலகக் குரலில் படித்தாள். "'பந்தயத்தின் ஏழாவது சுற்றில் ஸ்டியரிங் இணைப்பின் போல்ட் கழன்றதால் இந்தக் கார் தடுப்புச் சுவரில் மோதியது. ஓட்டுநர் மூன்று நாட்களுக்குப் பின் மருத்துவமனையில் உயிரிழந்தார். போல்ட்டுக்குக் காப்புக் கம்பி கட்ட மறந்த இளம் மெக்கானிக்கின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம் என்பது விசாரணையில் தெரியவந்தது. தவறை அவரே எழுத்துமூலம் ஒப்புக்கொண்டார். பெட்டியில் இருப்பது அந்தப் போல்ட்.'" படித்து முடித்த வேகத்திலேயே, "யாருப்பா அந்த மெக்கானிக்?" என்று கேட்டுவிட்டாள்.

"நான்தான்."

பின்னால் யாரோ ஒரு குழந்தை காரில் ஏற வேண்டும் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தது.

"மறந்துட்டீங்களா?"

"மறந்துட்டேன்னு சொன்னாங்க. நானும் யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். கட்டினது கண்ணு முன்னாடி நிக்குது. ஆனா அது முந்தின நாள் கட்டினதா, முந்தின வாரம் கட்டினதா? தெனம் கட்டறவனுக்கு எந்த நாள் எதுன்னு எப்படித் தெரியும்? கட்டலைன்னு எழுதிட்டு வந்தாங்க. போட்டேன் கையெழுத்து. அன்னிக்குச் சாயங்காலமே ஷெட்ட விட்டுப் போகச் சொல்லிட்டாங்க. முப்பத்திநாலு வருஷம் ஆச்சு."

அவளுக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். பூட்டிய டப்பாவும் பசித்த மதியமும் கட்டிலடியும் தையல்காரரின் ஏச்சும் ஒன்றன்மேல் ஒன்றாக மேலே வந்தன. பலகையில் இருந்ததில் ஒரு சொல்லைக்கூட அவள் சந்தேகப்படவில்லை. பளபளப்பான எழுத்தில், சட்டம் போட்டு, விளக்கு வைத்து எழுதியிருக்கிறார்களே.

"அப்போ நீங்க ஒரு தப்பு பண்ணிட்டு, அதுக்காக எங்க எல்லாரையும் கம்பி போட்டுக் கட்டினீங்களா? அம்மாவ அடுப்புல சமைக்க விட்டீங்களா நிம்மதியா? ஸ்கூல்ல என்ன எப்படிக் கூப்பிட்டாங்க தெரியுமா? யாரையோ கொன்னுட்டு..." அந்தச் சொல் வாயைவிட்டு வந்த பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது. பக்கத்தில் நின்ற குடும்பம் நகர்ந்து அடுத்த காருக்குப் போனது.

அப்பா அவளைப் பார்க்கவில்லை. கண்ணாடிப் பெட்டியில் மூக்கு இடிக்கக் குனிந்திருந்தார். அவருடைய மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கியது. சட்டைக் கையால் துடைத்தார். மறுபடி குனிந்தார்.

"அப்புறமா திட்டு," என்றார். குரல் மாறியிருந்தது. "எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. அந்த போல்ட் தலையில ஓட்டை இருக்கா பாரு."

"என்ன ஓட்டை?"

"இப்பதான ப்ளேன்ல பாத்த. கம்பி நுழையற ஓட்டை. தலைக்கு ஆறு பக்கம் இருக்கும். ஒண்ணு விடாம பாரு."

அவள் போனில் டார்ச் போட்டாள். முன்பக்கம் மூன்று முகங்கள் தெரிந்தன. பெட்டியைச் சுற்றிப் பின்னால் போனாள். மற்ற மூன்றும் தெரிந்தன. வழுவழுவென்று இருந்தன.

"இல்லப்பா."

"மேல?"

"மேலயும் இல்ல."

"துரு மூடியிருக்கும். நல்லா பாரு."

"துருவே இல்ல. தொடைச்சு வச்சிருக்காங்க. ஓட்டை இல்லப்பா."

அப்பா நிமிர்ந்தார். அவர் முகத்தில் ஒரு தெளிவு வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். முகம் கறுத்தது.

"புது போல்ட் பொட்டலம் வந்தா," என்றார் மெதுவாக, "முதல் வேலை ஓட்டை போடறது. ரெண்டு மில்லி டிரில். மாசத்துக்கு ஏழெட்டு டிரில் ஒடையும், ஷெட்ல திட்டுவாங்க. ஓட்டை போட்டத மட்டும் ஒரு பிஸ்கட் டின்ல போட்டு வைப்பேன். வண்டியோட முன்பக்கத்துக்கு அந்த டின்லேர்ந்துதான் எடுப்பேன். வேற எதையும் தொட மாட்டேன். ஓட்டை இல்லாத போல்ட் என் கையால அந்த வண்டிக்குள்ள போனதே கிடையாது." பெட்டியை நோக்கி விரலை நீட்டினார். "இது லாரி சாமான் பெட்டில கிடக்கற போல்ட். இதுக்குக் கம்பி கட்ட மறக்க முடியாது. இதுக்குக் கம்பி கட்டவே முடியாது."

அவளுக்குப் புரிய ஒரு நொடி பிடித்தது. "அப்போ வேற யாரோ..."

"ரேஸ் அன்னிக்குக் காலையில என்னப் பெட்ரோல் கேன் எடுத்துட்டு வர அனுப்பினாங்க. அரை மணி நேரம். அந்த நேரத்துல ஸ்டியரிங் கனமா இருக்குன்னு எவனோ என் கம்பிய வெட்டிக் கழட்டியிருக்கான். திருப்பிப் போடும்போது கைக்குக் கிடைச்சதப் போட்டிருக்கான். யாருன்னு எனக்குத் தெரியாது. நான் இல்ல." தடுப்புக் கம்பத்தைப் பிடித்து உலுக்கினார். "இந்த போல்ட்ட எனக்கு ஒரு தடவ காட்டியிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். காட்டலையே. பேனாவத்தான் காட்டினாங்க. கூப்பிடு."

"யாரப்பா?"

"இத எழுதினவன."

சத்தம் கேட்டுக் கூடத்துக் காவலாளி வந்தார். அவர் போய் அதிகாரி அம்மாவை அழைத்துவந்தார். நாற்பது வயதிருக்கும், கழுத்தில் அடையாள அட்டை, கையில் வாக்கிடாக்கி. பொறுமையான குரல்.

"ஐயா, முதல்ல உக்காந்து தண்ணி குடிங்க. அப்புறம் பேசலாம்."

"முப்பத்திநாலு வருஷம் உக்காந்துட்டேன் மேடம். நீங்க குனிஞ்சு அந்த போல்ட்டப் பாருங்க."

மகள் விஷயத்தைச் சொன்னாள். அதிகாரி அம்மா கவனமாகக் கேட்டார். "உங்க வருத்தம் புரியுது. ஆனா அவரே கையெழுத்துப் போட்ட கடிதம் எங்க ஃபைல்ல இருக்கே."

"கடிதத்துல கையெழுத்து இருக்கு. போல்ட்ல ஓட்டை இல்ல. ரெண்டையும் பக்கத்துல வச்சு யாராவது பாத்தீங்களா?" என்றாள் அவள்.

"இது அசல் போல்ட்டாங்கறதே நிச்சயமில்ல. மாத்தி வச்சிருக்கலாம்."

"அப்போ 'அந்தப் போல்ட்'னு ஏன் எழுதினீங்க?" அப்பாவின் குரல் கூரைவரை போனது. "போல்ட்டுக்கு நிச்சயம் இல்ல, என் பொழப்புக்கு மட்டும் நிச்சயமா?"

அதிகாரி அம்மா வாக்கிடாக்கியைக் காவலாளியிடம் கொடுத்தார். மகளின் போனை வாங்கி டார்ச் அடித்து, மண்டியிட்டு, பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வாக்கிடாக்கியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு தபால் விமானம் இருந்த கூடத்துக்குப் போய்த் திரும்பி வந்தார். போன வேகம் வரும்போது இல்லை.

"நான் இன்ஜினியர் இல்ல," என்றார். "எனக்கு இது தோணவே இல்ல. ஆனா பலகைய நான் மாத்த முடியாது. வண்டியக் கொடுத்த குடும்பத்தோட ஒப்பந்தம் இருக்கு. அவங்க சம்மதம் இல்லாம ஒரு எழுத்து மாத்தக் கூடாது. நீங்க எழுதிக் கொடுங்க, குழுவுல வைக்கிறேன். ஆறு மாசத்துக்கு ஒரு தடவ கூடும்." மூலையில் இருந்த மேஜையிலிருந்து இரண்டு கருத்துச் சீட்டுகளையும் ஒரு பேனாவையும் எடுத்துக் கொடுத்தார். "அந்தக் கருத்துப் பெட்டில போட்டுடுங்க." வாக்கிடாக்கி கரகரத்தது. மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விட்டார். காவலாளியும் அழுகிற குழந்தையைச் சமாதானப்படுத்தப் போனார்.

அவள் ஒரு கார் மேடையின் விளிம்பில் உட்கார்ந்து எழுதினாள். அநீதி, மனித மாண்பு, வரலாற்றின் பொறுப்பு, எளியவர் மேல் சுமத்தப்பட்ட பழி. சீட்டின் இரு பக்கமும் நிரம்பியது. கல்லூரியில் பரிசு வாங்கிய கை. படித்துக் காட்டினாள்.

"இது யாருக்கு, வக்கீலுக்கா?" என்றார் அப்பா. "பாதியிலயே தூக்கம் வருது."

"நியாயத்த எழுதியிருக்கேன்பா."

"நியாயத்த எவன் படிப்பான்? போல்ட்ல ஓட்டை இல்லன்னு எழுது. பெரிய எழுத்தா எழுது."

இரண்டாவது சீட்டில் எழுதினாள். 'இந்தப் போல்ட்டின் தலையில் ஓட்டை இல்லை. ஓட்டை இல்லாத போல்ட்டில் கம்பி கட்ட முடியாது. குனிந்து பாருங்கள். பக்கத்துக் கூடத்தில் தபால் விமானத்தின் இன்ஜினையும் பாருங்கள்.' கீழே யார் பெயரையும் போட வேண்டாம் என்றார் அப்பா.

சீட்டை அவர் கருத்துப் பெட்டியில் போடவில்லை. பேனா முனையால் அதன் மேல் ஓரத்தில் இரண்டு துளை போட்டார். சட்டைப் பையிலிருந்து கம்பிச் சுருளை எடுத்தார். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்ற தடுப்புக் கம்பத்தின் கழுத்து வளையத்தில் கம்பியை நுழைத்து, சீட்டில் கோத்து, முறுக்கத் தொடங்கினார். கண் தெரியாவிட்டாலும் விரல்களுக்குத் தெரிந்தது. பிளையர் இல்லாமல் வெறும் கையால் முறுக்கியதில் கட்டைவிரல் கிழிந்து ரத்தம் வந்தது. அதைப் பொருட்படுத்தவில்லை. இருந்த கம்பி முழுவதையும் முறுக்கினார். கடைசி முனையை உள்பக்கமாக மடித்து அழுத்தினார், யார் கையிலும் குத்திவிடாதபடி. அவள் எண்ணிக்கொண்டே நின்றாள். பதினெட்டு.

அவர்கள் அந்தப் பக்கம் நகர்ந்ததும் வேறொரு குடும்பம் வந்தது. ஒருவர் சீட்டைப் படித்தார், பலகையைப் படித்தார், மறுபடி சீட்டைப் படித்தார். பிறகு குனிந்தார். "ஆமாடி, இங்க வந்து பாரேன்," என்று மனைவியைக் கூப்பிட்டார். அப்பா அதைப் பார்க்கவில்லை. வாசலை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

வாசலில் வில்லையைக் கொடுத்துப் பிளையரை வாங்கும்போது கூடத்துக் காவலாளி மூச்சிரைக்க ஓடிவந்தார். "பெரியவரே, அந்தச் சீட்டக் கிழிக்காம எடுத்துட்டு வரச் சொன்னாங்க, கழல மாட்டேங்குது. கத்திரியும் வெட்ட மாட்டேங்குது. அந்தப் பிளையர ஒரு நிமிஷம் குடுங்க."

அப்பா பிளையரைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "இத உள்ள கொண்டு போகக் கூடாது சார். ரூல்."

பஸ் நிறுத்தத்தில் வெயில் ஏறியிருந்தது. அவள் கைக்குட்டையை நீட்டினாள். அப்பா வாங்கிக் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டார்.

"நாளைக்கு வேற பிளையர் கொண்டுவந்து வெட்டிடுவாங்கப்பா."

"வெட்டட்டும்." பிறகு, சாலையைப் பார்த்தபடியே, "நீயும் நம்பினியே," என்றார்.

அவள் வாயெடுத்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தாள். வேறு வந்தது. "நீங்களே நம்பினீங்களே, அப்பா."

அடி விழுந்த மாதிரி அவர் திரும்பினார். கண்கள் சிவந்திருந்தன. திட்டப்போகிறார் என்று அவள் காத்திருந்தாள்.

"ஆமா," என்றார். "இருபத்திநாலு வயசு. ஒரு சந்தேகம் வந்துது. வந்த உடனே பேனாவக் குடுத்துட்டான். யோசிக்க ஒரு ராத்திரி குடுத்திருந்தா டின் ஞாபகம் வந்திருக்கும், போல்ட்டக் காட்டுன்னு கேட்டிருப்பேன். அதுக்கப்புறம் ஞாபகம் வந்து என்ன பண்ண? போல்ட்டப் பாக்கலையே. அது என் போல்ட்தான்னு நெனச்சே காலத்த ஓட்டிட்டேன்." காறித் துப்பினார். "சந்தேகம் என்னோடது. கொண்டுபோய்த் தப்புன்னு எழுதிட்டான்."

அவளுடைய மேஜை டிராயரில் வெள்ளிக்கிழமை நிரப்பிய படிவம் ஒன்று இருந்தது. சரிவில் பிரேக் பிடிக்காமல் கடைக்குள் புகுந்த ஒரு லாரி. டிரைவர், பிரேக் போட்டதாகத்தான் நினைக்கிறேன் என்று வாக்குமூலத்தில் சொல்லியிருந்தார். 'நினைக்கிறேன்' என்ற சொல்லின் கீழ்க் கோடு போட்டுவிட்டு ஐந்தாவது கட்டத்தில் டிக் போட்டது அவள்தான். பிரேக்கை யாராவது கழற்றிப் பார்த்தார்களா என்று அவள் கேட்கவில்லை. படிவம் இன்னும் மேலாளருக்குப் போகவில்லை. காலையில் முதல் ஆளாகப் போய் அதை எடுத்துவிட வேண்டும். இதற்கு முன் போனவற்றை என்ன செய்வது? எத்தனை இருக்கும்? வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷம். அவள் எண்ணுவதை நிறுத்தினாள்.

பஸ் வந்தது. ஜன்னலோரமாக அப்பா உட்கார்ந்தார். முன்சீட்டின் கைப்பிடியில் ஒரு போல்ட் தளர்ந்து, பஸ் குலுங்கும்போதெல்லாம் கடகடவென்று ஆடியது. அவர் அதைப் பார்த்தார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். கைகளை மார்பில் கட்டிக்கொண்டார். ஒரு நிறுத்தம் போனது. இரண்டு போனது. அவர் தாடை இறுகுவதை அவள் பார்த்துக்கொண்டே வந்தாள். பிடித்துக்கொண்டு நின்ற ஒருவரின் கையில் கைப்பிடி ஆடியது.

நான்காவது நிறுத்தத்தில், "எவனெவனோ கழட்டிட்டுப் போவான், நான் முடுக்கணும். இதே பொழப்பாப் போச்சு," என்று திட்டிக்கொண்டே பிளையரை எடுத்தார். நின்றுகொண்டிருந்தவரை, "கைய எடுய்யா," என்று அதட்டினார். குனிந்து, கட்டுப் போட்ட விரலோடு முடுக்கினார். ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. பழக்கத்தில் அவர் கை கம்பி தேடிச் சட்டைப் பைக்குப் போனது. பை காலியாக இருந்தது.